போட் மெயில் போய்ச் சேர்ந்த ஊர்

சென்னை எழும்பூரில் 'கொழும்பு கோட்டை' என்று கேட்டு ஒரே டிக்கெட்டாக வாங்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. போட் மெயிலில் ஏறி உட்கார்ந்தால் திருச்சி, மானாமதுரை, ராமநாதபுரம் எல்லாம் தாண்டி, பாம்பன் பாலத்தில் கடலைக் கடந்து, சுமார் 19 மணி நேரத்தில் ரயில் கப்பல் துறையிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும். பெட்டி படுக்கையைச் சுங்கக்காரர்களிடம் திறந்து காட்டிவிட்டுக் கப்பல் ஏறினால், சுமார் இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார். அங்கே இலங்கை ரயில் தயாராக நிற்கும். மறுநாள் விடியும்போது கொழும்பு வந்துவிடும்.

இந்தியப் பக்கத்தில் அந்த ரயிலின் கடைசி நிலையம் தனுஷ்கோடி.

இன்று ராமேஸ்வரத்திலிருந்து தீவின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போகிற சுற்றுலா வண்டிகள் எல்லாம் வழியில் அந்த நிலையத்தின் இடிபாட்டருகே சற்று நிற்கின்றன. கூரை இல்லாத சுவர்கள், வளைவான வாசல்கள், கொஞ்ச தூரத்தில் தண்ணீர்த் தொட்டி, அதைத் தாண்டி தேவாலயம். வந்தவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வழிகாட்டிகள் ஐந்து நிமிடத்தில் கதையைச் சொல்லி முடிக்கிறார்கள்: 1964, புயல், ரயிலோடு எல்லோரும் போய்விட்டார்கள், அன்றிலிருந்து இது பேய் நகரம். பத்திரிகைகளும் யூடியூபர்களும் இதே கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கதையில் பெரிய பொய் இல்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகள் வேலை செய்த ஒரு நிலையத்தை அதன் கடைசி இரவைக் கொண்டு மட்டும் நினைவில் வைப்பது எனக்குப் பெரும் அநியாயமாகப் படுகிறது. அந்த நடைமேடையில் கால் வைத்த லட்சக்கணக்கானவர்களை அந்த ஒரு இரவு மறைத்துவிட்டது.

தூத்துக்குடியிலிருந்து மாறிய வழி

போட் மெயில் முதலில் தூத்துக்குடிக்குத்தான் ஓடியது. எழும்பூரிலிருந்து தூத்துக்குடிக்குச் சுமார் 22 மணி நேரம், அங்கிருந்து கொழும்புக்கு இன்னொரு நாள் கப்பல் பயணம். கடல் கொந்தளித்தால் பயணிகள் பாடு சொல்ல வேண்டியதில்லை. கடல் வழியைக் குறைத்து ரயில் வழியை நீட்ட வேண்டும் என்பது வெள்ளைக்கார ரயில்வே அதிகாரிகளின் பல காலத்துக் கனவு. ராமர் பாலம் என்று நாம் சொல்கிற மணல்திட்டுகளின் மேலேயே தண்டவாளம் போட்டு, தலைமன்னார் வரைக்கும் ரயிலை விடலாம் என்றுகூடத் திட்டம் போட்டார்கள். தென்னிந்திய ரயில்வே அதற்கு அளவையும் எடுத்தது. அது நடக்கவில்லை. கப்பல்தான் என்று முடிவாயிற்று.

1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை பாதை வந்தது. அடுத்தது பாம்பன் கால்வாய். இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் தூண்களை இறக்கி, நடுவில் கப்பல் போக வழிவிட்டுத் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பாலத்தையும் அமைத்து, 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தார்கள். அதே ஆண்டில் இலங்கையில் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் பாதை திறக்கப்பட்டது. இரு கரையிலும் ஒரே சமயத்தில் வேலை செய்து ஒரே வழியாகக் கட்டியதுதான் இது. ஒன்று மட்டும் ஒத்துப்போகவில்லை. நம் பக்கம் மீட்டர் கேஜ், அந்தப் பக்கம் அகலப்பாதை. என்றைக்காவது கடலுக்கு மேல் பாலம் வந்திருந்தாலும் எழும்பூர்ப் பெட்டி நேராகக் கொழும்புக்குப் போயிருக்க முடியாது.

கப்பல்கள் மூன்று: கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். மூன்றுமே வைஸ்ராய்களின் பெயர்கள். பின்னால் வந்த இர்வின், கோஷன் என்ற இரண்டும் தென் மாவட்டத்து முதியவர்கள் வாயில் ரொம்ப நாள் புழங்கின. கோஷன் சென்னை மாகாண கவர்னராக இருந்தவர். கப்பலில் ஏறியவர்களில் பலருக்கு அந்தப் பெயர் ஒரு கவர்னருடையது என்பதே தெரிந்திருக்காது. அவர்களுக்கு அது கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு, கூட்டிப்போன கப்பல், அவ்வளவுதான்.

ஆண் கடலுக்கும் பெண் கடலுக்கும் நடுவே

தனுஷ்கோடி இருப்பது ஒரு மணல் நாக்கின் மேல். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. அலை புரண்டு அடிக்கும், மீனவர்கள் அதை ஆண் கடல் என்பார்கள். மறுபக்கம் பாக் நீரிணை. பெரும்பாலும் அடங்கியே கிடக்கும், அது பெண் கடல். கச்சான் காற்றுக் காலத்தில் தெற்கே கடலில் இறங்க முடியாது. வாடை வீசினால் வடக்கே தொல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே, தோண்டினால் மணலைத் தவிர எதுவும் வராத இடத்தில், ஒரு ரயில் நிலையத்தையும் ஓர் ஊரையும் எழுப்பியிருந்தார்கள். சுங்க அலுவலகம், தபால் நிலையம், ரயில்வே மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஊழியர் குடியிருப்புகள், கோயில், தேவாலயம் எல்லாம் இருந்தன.

கட்டடங்களுக்குக் கல் எங்கிருந்து வந்தது என்பதை இன்று இடிந்த சுவர்களே காட்டிக்கொடுக்கின்றன. தேவாலயச் சுவரருகே போய்க் குனிந்து பார்த்தால் அது மலைக்கல் இல்லை, பவளப்பாறை. கடலிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளில் பவளத்தின் நுண்ணிய துளைகளும் வரிவரியான கோடுகளும் அப்படியே தெரிகின்றன. கடலை வெட்டிக் கட்டிய ஊர் இது. இன்று பவளப்பாறையை வெட்டி எடுப்பது குற்றம். அன்று அதுதான் ராமேஸ்வரம் தீவின் செங்கல்.

இவ்வளவு உப்பு நடுவிலும் அங்கே குடிநீர் கிடைக்கிறது. மணலில் கையால் ஓர் ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறி வரும். பெய்த மழைநீர் மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால் அப்படி. இன்றும் அங்கே குடிசை போட்டு மீன்பிடித்து வாழ்கிற குடும்பங்களின் பெண்கள் ஊற்றைத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடத்தில் நிரப்பிக்கொண்டு போகிறார்கள். கொஞ்சம் அதிக ஆழம் தோண்டினால் உப்புத் தண்ணீர் வந்துவிடும். எந்த ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். யாரும் வாழாத ஊர் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பெண்களைப் பார்க்கவில்லை போலும்.

ரயிலில் யாத்திரிகர்கள் வந்தார்கள். காசிக்குப் போனவர்கள் சேதுவில் நீராடி யாத்திரையை முடிக்க வந்தார்கள். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே படகில் யாத்திரிகர்களை ஏற்றிச்சென்ற குடும்பங்கள் தீவில் இருந்தன. அப்துல் கலாமின் தந்தையும் அப்படிப் படகு விட்டவர்தான். இரண்டாம் உலகப் போரின்போது ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போகத் தொடங்கியது. ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி எடுத்து விநியோகிக்க உதவியதுதான் தன் முதல் சம்பாத்தியம் என்று கலாம் பதிவு செய்திருக்கிறார். அது இந்தப் பாதையில் ஓடிய ரயில்தான்.

கண்டிச்சீமைக்குப் போனவர்கள்

யாத்திரிகர்களையும் வியாபாரிகளையும் விட, அரசு அதிகாரிகளையும் விட, இந்த நிலையத்தை அதிகம் பயன்படுத்தியவர்கள் மூன்றாம் வகுப்பில் வந்த கூலிகள். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அவர்கள்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காபித் தோட்டங்களுக்குப் போனவர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. காபி நோயில் அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுக்க ஆள் வேண்டும், பெண்கள் வேண்டும், குடும்பமாக வேண்டும். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம் வட்டாரங்களின் வறண்ட கிராமங்களுக்குள் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணிகள் நுழைந்தார்கள். திருச்சியில் இலங்கைத் தோட்டக்காரர்களின் ஆள்சேர்ப்பு அலுவலகமே செயல்பட்டது. எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டிய ஆள் என்பதைக் காட்ட, எண் பொறித்த தகர வில்லை ஒன்றை அவர்களிடம் கொடுத்தார்கள். அதைக் கயிற்றில் கோத்து உடம்பில் கட்டிக்கொண்டு போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அந்த வில்லைதான் டிக்கெட், முகவரி, அடையாளம் எல்லாம்.

அவர்களை ரயில் நேரே தனுஷ்கோடிக்குக் கொண்டுபோய்விடாது. அதற்கு முன்பே மண்டபத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கே இலங்கை அரசு நடத்திய தொற்றுத்தடுப்பு முகாம் இருந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசின் முகாம்! கொள்ளை நோயையும் அம்மையையும் காலராவையும் இவர்கள் தீவுக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில நாள் தங்கவைத்து, அம்மை குத்தி, உடுப்புகளை ஆவியில் வேகவைத்து, பரிசோதித்து அனுப்புவார்கள். முதல் வகுப்பில் வந்த துரைமாருக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. ஒரே பாதையில் ஒரே கப்பலைப் பிடிக்கப் போகிறவர்களை மண்டபம் இரண்டாகப் பிரித்தது. முகாமிலிருந்து விடுபட்டவர்கள் மறுபடி ரயிலேறி, பாம்பன் பாலத்தைத் தாண்டி, தனுஷ்கோடியில் இறங்குவார்கள். தாய்மண்ணில் அவர்கள் கால் கடைசியாகப் பட்டது இந்த நடைமேடையில்தான். திரும்பி வந்தவர்களும் உண்டு. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்து போனார்கள், சேர்த்த காசில் சொந்த ஊரில் குழிநிலம் வாங்கியவர்களும் உண்டு. ஆனால் அவர்களில் ஏராளமானவர்களின் பேரன் பேத்திகள் இன்று நுவரெலியாவிலும் அட்டனிலும் பதுளையிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய குடும்ப வரலாற்றின் முதல் பக்கம் தனுஷ்கோடியில் எழுதப்பட்டது.

1939இல் இலங்கை அரசு தன் நாட்கூலி வேலைகளிலிருந்து இந்தியர்களை நீக்கத் தொடங்கியது. பதிலுக்கு இந்திய அரசு கூலி வேலைக்கு ஆள் போவதைத் தடை செய்தது. 1948இல் விடுதலை பெற்ற இலங்கை முதலில் செய்த காரியங்களில் ஒன்று, இந்தத் தோட்டத் தொழிலாளர்களான மலையகத் தமிழர்களைக் குடியுரிமை இல்லாதவர்களாக ஆக்கிய சட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டும் விசாவும் வந்தன. ரயில் ஓடியது, கப்பல் ஓடியது. ஆனால் கதவு சிறுகச் சிறுகச் சாத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

பிறகு 1964 அக்டோபர் 30. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்களாக நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று எழுதிக்கொண்டார்கள். மனிதர்களைப் பங்கு பிரித்த அந்தக் கணக்கில், சம்பந்தப்பட்ட ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது இரு நாட்டுக்கும் இடையே ரயிலோடு இணைந்த வழி தனுஷ்கோடி வழிதான். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, புயல் வந்தது.

டிசம்பர் 22

அந்தமான் கடலில் உருவான தாழ்வு மண்டலம் புயலாகி, டிசம்பர் 22 அன்று வடக்கு இலங்கையைக் கடந்து பாக் நீரிணைக்குள் வந்தது. அன்று இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653ஆம் எண் பாசஞ்சர் புறப்பட்டது. பதிவுகளின்படி 110 பயணிகளும் 5 ரயில்வே ஊழியர்களும் அதில் இருந்தார்கள். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 பேர் இருக்கலாம் என்பாரும் உண்டு. நிலையத்தை நெருங்கிய நேரத்தில், ஏழு மீட்டர் உயரத்துக்கு எழுந்த கடல் ரயிலை அப்படியே மூடிக்கொண்டது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இந்தியாவிலும் இலங்கையிலுமாக அந்தப் புயலில் சுமார் 1,800 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

அன்று ராமேஸ்வரத்தில் இருந்த நடிகர்கள் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தப்பியதை நாடே இன்றும் சொல்கிறது. ரயிலில் இருந்த 115 பேரில் ஒருவர் பெயராவது நம் நினைவில் உண்டா?

பாம்பன் பாலத்தில் 145 கர்டர்களில் 126 கடலோடு போயின. தூக்குப் பாலம் தப்பி நின்றது. ஆறு மாதம் ஆகும் என்று ரயில்வே முதலில் கணக்குப் போட்டது. பொது மேலாளர் மூன்று மாதம் என்றார். அந்தப் பொறுப்பைக் கையில் எடுத்த இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்துக் காட்டினார். கடலுக்குள் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி ஏற்றியதுதான் அதன் சூட்சுமம். கர்டர்கள் கிடந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தவர்கள் மீனவர்கள்.

46 நாளில் கடலுக்கு மேல் பாலத்தை நிமிர்த்த முடிந்தவர்களுக்கு, தீவுக்குள் மணலில் கிடந்த பாதையைத் திரும்பப் போட முடியாதா? முடியும். போட வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு தனுஷ்கோடியை அறிவித்தது. அந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன். இரு பக்கமும் கடல் சூழ்ந்த அந்த நாக்கில் மறுபடி ஒரு ஊரை உட்காரவைப்பது மனிதர்களைக் காவு கொடுப்பதற்குச் சமம். ஆனால் ரயில் கப்பல் துறைக்கே போய் நிற்கும் வழியை வேறெங்கும் அமைக்காமல் விட்டதற்குப் புயல் மட்டும் காரணமில்லை என்றே நினைக்கிறேன். போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இனி வரப்போகிறவர்கள் ஒப்பந்தத்தின்படி வரப்போகிறவர்கள். அவர்களுக்கு யார் வசதி செய்து தரப்போகிறார்கள்?

கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. 'தாயகம் திரும்பியோர்' என்ற முத்திரையோடு மலையகத் தமிழர்கள் தலைமன்னாரிலிருந்து அந்தக் கப்பலில் வந்து இறங்கினார்கள். அவர்களில் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள்; இந்தத் 'தாயக'த்தை முதன்முதலாக அப்போதுதான் பார்த்தார்கள். இறங்கியதும் மண்டபம் முகாம். தாத்தாவைச் சோதித்து அனுப்பிய அதே முகாமில் பேரனுக்குப் பெயர்ப் பதிவு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்றும் இருக்கிறார்கள். 1980களில் போர் வந்ததும் கப்பலும் நின்றது. அதன் பிறகு அகதிகள் படகில் வந்தார்கள். 2022இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோதும் கைக்குழந்தைகளோடு வந்தவர்களை அரிச்சல்முனையை ஒட்டிய மணல்திட்டுகளில் இறக்கிவிட்டுப் படகுக்காரர்கள் போனார்கள். அவர்களையும் மண்டபத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். நிலையம் போய்விட்டது, வழி போகவில்லை.

தலைமன்னாரில் ரயில் வருகிறது

எதிர்க்கரையில் தலைமன்னார் பாதையும் 1990இல் போரால் அழிந்தது. காடு மூடிக் கிடந்ததை இந்திய உதவியோடு திரும்பப் போட்டார்கள். 2015 மார்ச்சில் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. இன்று கொழும்பில் ஏறினால் தலைமன்னார்த் துறை வரை போய் இறங்கலாம். இரட்டை நிலையங்களில் அக்கரையிலுள்ளது உயிரோடு இருக்கிறது.

நம் பக்கத்தில் ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2019 மார்ச்சில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அது இன்னும் தண்டவாளமாகவில்லை. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. 2025இல் பாம்பனில் புதிய தூக்குப் பாலம் திறந்தாயிற்று. அதே ஆண்டு தமிழக அரசு தனுஷ்கோடியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. கடலாமைகள் முட்டையிட வரும் கரை அது. ரயில் திரும்ப வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த ஆசை இல்லை. கப்பல் இல்லாமல் அங்கே ரயில் எதற்கு? சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போக மட்டும் என்றால், அந்த மணலும் பறவைகளும் கொடுக்க வேண்டிய விலை அதிகம். இரு அரசுகளும் பேசி வரும் ராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கினால் அதுவே பெரிய காரியம்.

நிலையத்துக்கு வேண்டியது வேறு. சுவர்கள் ஆண்டுக்கு ஆண்டு உப்புக்காற்றில் உதிர்கின்றன. மிச்சம் இருப்பதை விழாமல் தாங்கி நிறுத்த வேண்டும். மேலே ஏறி நின்று படம் எடுப்பதைத் தடுக்க ஓர் ஆள் வேண்டும். கப்பல் துறை எங்கிருந்தது, சுங்கம் எங்கிருந்தது, மூன்றாம் வகுப்புக் கூட்டம் எந்த வழியாக நடந்தது என்று காட்டுகிற பழைய வரைபடத்தைப் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். அந்தத் தகர வில்லைகளில் ஒன்றையாவது மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும். அட்டனிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் வருகிற குடும்பங்கள் இங்கே வந்து பார்க்க, புயலைத் தவிர வேறொன்றும் இருக்க வேண்டும். ரயில் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் 115 பெயர்களையும் பொறிக்க வேண்டும். பயணிகள் பட்டியலைத் திரட்டுவது கஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் ஐந்து பேர் ரயில்வேயிடம் சம்பளம் வாங்கிய ஊழியர்கள், அவர்களிலிருந்து தொடங்கலாம்.